எதிர்பார்க்கப்படும் ஏழாவது விபத்து

சாலை பஜாரில் கீலும் தாழ்ப்பாளும் மொத்தமாக விற்கிற கடையொன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் ராஜையனுக்கு, ஜூன் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது இளம் ஓட்டுநர் விபத்து முன்கணிப்புக் காரியாலயம். கடிதத்தில் போட்டிருந்த தேதி மே இருபது. மலையாளம் பேசும் அந்த ஊரில் ராஜையன் தமிழ்ச் சிறுபான்மையைச் சேர்ந்தவர். சர்க்கார் கடிதத்தைத் தமிழில் பெறுகிற உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையை வழங்கி முடிக்க இருபது நாள் பிடித்திருந்தது.

கடிதம் இப்படி இருந்தது:

"பொருள்: உரிமத் தொகுதி எண் 41, நிலுவையிலுள்ள விபத்து தொடர்பாக. தங்கள் மகள் செல்வி ரெனி (வயது 19) இருசக்கர வாகன உரிமம் பெற்ற தொகுதியில் மொத்தம் நூறு பேர். இவர்களில் ஏழு பேர் முதல் ஆறு மாதத்துக்குள் விபத்துக்குள்ளாவார்கள் என்று இக்காரியாலயம் கணித்துள்ளது. இன்று வரை ஆறு விபத்துகள் சிறப்பாக நடந்து முடிந்துள்ளன. ஒன்று நிலுவையில் உள்ளது. ஜூன் 30-ஆம் தேதியுடன் காலக்கெடு முடிவதாலும், எஞ்சியுள்ளோர் பட்டியலில் தங்கள் மகள் 94 மதிப்பெண்ணுடன் முதலிடத்தில் இருப்பதாலும், உரிய படிவத்தைப் பூர்த்தி செய்யத் தாங்கள் நேரில் வரவும். தவறினால் மேல்நடவடிக்கை தங்களுக்குத் தெரிவிக்கப்படாமலே எடுக்கப்படும்."

ராஜையன் கடிதம் படிக்கத் தெரியாதவர் அல்ல. சாலை பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், ஹோட்டல்களில் மாவு அரைக்கிறவர்கள், தென்காசியிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் கொத்து வேலைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தையும் வெறுமனே விடமாட்டார். எழுத ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுவார். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதுவார். 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்தில்கூட பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுத்தால்தான் அவருக்கு மனசு அடங்கும். அப்பேர்ப்பட்டவர் இந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தார். மூன்றாம் தரம் 'நிலுவை' என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

அன்று சாயங்காலம் கரமனையில் வீட்டுக்குப் போய்க் கடிதத்தை மனைவி சுசீலாபாயிடம் கொடுத்தார். அவள் முதலில் எண்ணைத்தான் பார்த்தாள்.

"தொண்ணூத்தி நாலா? நம்ம ரெனியா? பத்தாங் கிளாஸ்ல முப்பத்தாறு வாங்கினவளாக்கும்."

"எடி, முழுசும் படி."

முழுசும் படித்த சுசீலாபாய் அப்படியே அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மகள் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ரெனி விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகுகிறாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே, நாற்பது டன் இரும்புப் பெட்டியைக் கோழிமுட்டை போல இறக்கி வைப்பாள். ஜூலை மூன்றாம் தேதி தேர்வு. அதில் தேறினால் வேலை நிரந்தரம். தினமும் கரமனையிலிருந்து விழிஞ்ஞத்துக்குப் போகவர ஸ்கூட்டர்தான்.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இது எந்தா அப்பா, லாட்டரியா?"

"சிரிக்காத பிள்ளே. நீ எப்படி ஓட்டுத? உள்ளதச் சொல்லு."

"நல்லாத்தான் ஓட்டுதேன். ஆனா லைசன்ஸ் எப்படித் தந்தாங்கன்னு கேளுங்க. கம்பி நட்டு வச்சு, முட்டாம எட்டு போடச் சொன்னாங்க. போட்டேன். உடனே தந்துட்டாங்க. ரோட்டுல ஒருத்தனும் எட்டு போடல்ல அப்பா. எல்லாரும் நேரா எனக்க மேலதான் வாறான்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுசீலாபாய் சிரிக்கவில்லை.

மறுநாள் ராஜையன் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காரியாலயத்துக்குப் போனார். தம்பானூருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. லிப்ட் வைக்க அனுமதி கிடைத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. செங்குத்தான படிக்கட்டில், அவருக்கு முன்னால், இருபது வயதுப் பையன் ஒருவன் காலில் மாவுக்கட்டோடு ஊன்றுகோலை மாற்றி மாற்றி வைத்து ஏறிக்கொண்டிருந்தான். ராஜையன் அவன் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

"தாங்க்ஸ் அண்ணா. கட்டோட வந்து கையொப்பு போடணும்னு ஆர்டர். பேரு அஜீஷ். நாப்பத்தொண்ணாம் தொகுதி, ஆறாமத்தவன்."

ராஜையன் நின்றுவிட்டார். "ஏழாமத்தவ எனக்க மவ."

அஜீஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணா, பூர்த்தி பண்ணச் சொல்லி ஒரு பாரம் தருவாங்க, அதுல எடம் கேப்பாங்க. நான் ஒரு வளைவு பேரு எழுதினேன். அதுக்கப்புறம் அந்த வளைவு வரும்போதெல்லாம் ரோட்டப் பாக்கமாட்டேன், பாரத்தத்தான் நெனைப்பேன். நாலு நாள் தப்பிச்சேன். அஞ்சாம் நாள் மைல்கல்லு எங்கிருந்தோ வந்து முட்டிச்சு."

"மைல்கல்லு வருமாடே?"

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சு அண்ணா."

மூன்றாம் மாடியில் நீளமான வராந்தா. படிக்கட்டு முடிகிற இடத்திலேயே மேலதிகாரியின் அறை. எதிர்ச்சுவரில் கண்ணாடி அலமாரி. அதில் ஒரு பெரிய கேடயம். 'விபத்துக் கணிப்பில் நூறு சதவீதத் துல்லியம், தொடர்ந்து நான்காம் ஆண்டு' என்று பித்தளையில் பொறித்திருந்தது.

மேலதிகாரி பெயர் வெங்கடேஸ்வரன். கரமனை அக்கிரகாரத்துக்காரர். தமிழில் ஒருவர் பேச வந்திருக்கிறார் என்றதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கோ வாங்கோ மிஸ்டர் ராஜையன். நம்மூர்க்காராளா? ஒக்காருங்கோ. கடுதாசி தமிழ்லதானே வந்துது? நான்தான் வற்புறுத்தினேன். ஒரு தகப்பனுக்கு இந்த மாதிரி விஷயம் தாய்மொழியில போய்ச் சேரணும்."

"சாறே, எனக்க மவ ஒழுங்கா ஓட்டுவா. இதுவரைக்கும் ஒருநாளும் விழுந்ததில்ல."

"அதுக்குத்தான் பதினாலு மார்க்" என்றார் வெங்கடேஸ்வரன். "விழுந்து பழக்கமில்லாதவ. வயசு பத்தொம்பது, அதுக்கு இருபது. லைசன்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆகலே, இருபது. கன்டெய்னர் லாரி ஓடற ரோடு, இருபத்தஞ்சு. மழைக்காலம், பதினஞ்சு. ஆக தொண்ணூத்தி நாலு. ஒரு மார்க் நாங்க கூடப் போடலே."

"அப்போ இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மழையில ஓட்ட, லாரிக்குப் பக்கத்துல ஓட்ட, ஒரு பத்து நாள் சொல்லிக் குடுக்கப்படாதா?"

வெங்கடேஸ்வரன் முகத்தில் ஒரு பழைய வேதனை வந்து போனது.

"குடுத்தோமே. அஞ்சு வருஷம் முன்னாடி, பதினேழாம் தொகுதிக்கு. எனக்கு முன்னாடி இருந்தவர் பண்ணின காரியம். ஏழு வரவேண்டிய எடத்துல ரெண்டுதான் வந்துது. கேடயம் பக்கத்து ஜில்லாவுக்குப் போயிடுத்து. அவரைத் தூக்கி மீன்வளத்துல போட்டுட்டா. இங்க பாருங்கோ, எங்க வேலை கணிக்கறது. தடுக்கறது பொறியியல் விங். அவா விபத்து நடந்த எடத்துலதான் வேலை செய்யலாம்னு ரூல். நடக்காத எடத்துல ஒரு கல்லு வெச்சாலும் ஆடிட்ல கேப்பா. அதனாலதான் நான் இந்தப் படிவத்தைக் கொண்டுவந்தேன். நடக்கப் போற எடத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிண்டா, அவா முன்கூட்டியே வேலையை ஆரம்பிச்சுடலாம். இந்த மாதிரி எங்கயுமே கிடையாது."

"விபத்தே நடக்கல்லன்னா சாறே?"

வெங்கடேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நடக்கலேன்னா கணிப்பு தப்புன்னு ஆயிடும். கணிப்பு தப்புன்னா இந்த ஆபீஸ் எதுக்குன்னு கேப்பா. பதினேழு குடும்பம் இதை நம்பி இருக்கு. நீங்களும் ஒரு குடும்பஸ்தர், ஒங்களுக்குச் சொல்லணுமா?" பிறகு எட்டி ராஜையன் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஊர்ல இளம் ஓட்டுநர்களைப் பத்தி உண்மையா கவலைப்படறது நாங்க மட்டும்தான். ஒங்க பொண்ணை எங்க பொண்ணு மாதிரிதான் பாக்கறோம். படிவத்தை ஜானவி மேடத்துக்கிட்ட வாங்கிக்கோங்கோ."

செக்‌ஷன் சூப்பிரண்டு ஜானவி நீலப் படிவம் ஒன்றை நீட்டினாள். எதிர்பார்க்கப்படும் இடம், தேதி, காரணம், காயம் என்று கட்டங்கள் இருந்தன. ராஜையன் வாழ்க்கையில் முதல்முறையாக இப்படி ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், இதுல எடத்த எழுதாம விடலாமா?"

"விடலாமே. விட்டா, ஜில்லாவுக்குள்ள எங்க வேணும்னாலும்னு அர்த்தம். சேட்டன் இஷ்டம்."

எங்க வேணும்னாலும். ராஜையனுக்கு விழிஞ்ஞம் சாலை முழுதும், அதன் லாரிகள் முழுதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. பேனாவைத் திறந்தார். கொஞ்சம் யோசித்ததும் அவருக்கு ஒரு புத்தி வந்தது. இந்த ஜில்லாவிலேயே எந்த விபத்தும் நடக்க வழியில்லாத இடம் எது? கரமனையில் அவர் குடியிருக்கும் முட்டுச்சந்துதான். பதினொரு வீடு. கடைசியில் ஆற்றங்கரை மதில். பிச்சம்மாளின் இஸ்திரி வண்டியைத் தவிரப் பெரிய வண்டி ஏதும் உள்ளே வராது. ரெனி சந்துக்குள் திரும்பியதும் வேகத்தைக் குறைப்பாள். பாதித் தூரத்தில் இறங்கி உருட்டுவாள். 'எங்கள் சந்து, வீட்டு வாசலுக்கு முப்பது அடி முன்னால்' என்று குண்டு குண்டாக எழுதினார். தேதிக்கு ஜூன் 30 என்று போட்டார். அன்றைக்கு ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்துவிடலாம் என்பது கணக்கு. காயம் என்ற இடத்தில் 'இடது முழங்காலில் சிராய்ப்பு' என்று எழுதப் போனார். ஜானவி தடுத்தாள்.

"சிராய்ப்பு எடுக்க மாட்டோம். ரெண்டுதான் உண்டு. ஒண்ணு எலும்பு முறிவு. ரெண்டாமத்தது, அதற்கு மேற்பட்டது."

"மேற்பட்டதுன்னா?"

"அதுக்கு வேற பாரம். வெள்ளைப் பேப்பர். சேட்டன் அது கேக்க வேண்டா."

ராஜையன் அவசரமாக 'எலும்பு முறிவு, இடது கால்' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதப் போனபோது ஜானவி படிவத்தை இழுத்துக்கொண்டாள். "அது பொறியியல் விங் எழுதிக்கொள்ளும்."

வெறுமையாக விட்டு வந்த அந்த ஒரு கட்டம் அவரைப் படிக்கட்டு முழுதும் உறுத்திக்கொண்டே வந்தது.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சுசீலாபாய் சபையில் மகளுக்காகப் பிரார்த்தனை வைத்தாள். ரெனிகூட வழக்கத்தைவிட மெதுவாகப் போய்வந்தாள். "அப்பா, நம்ம சந்துக்குள்ள வந்தா மட்டும் கை விறைக்குது. நீங்க அங்கயா எழுதிக் குடுக்கணும்?" என்று கேலி பேசினாள். ராஜையனும் சிரித்து வைத்தார். நாட்காட்டியில் முப்பதாம் தேதியைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

ஜூன் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்தேகால் மணிக்குக் கடையில் இருந்தவருக்கு சுசீலாபாய் போன் செய்தாள். குரல் உற்சாகமாக இருந்தது.

"இஞ்ச கேட்டியளா? சர்க்கார் ஆளுங்க ஏழு பேரு லாரியில வந்து நம்ம சந்துல வேல பாத்துட்டுப் போறாங்க. எடத்த டேப்பு வச்சு அளந்தாங்க, நம்ம வாசல்லேருந்து சரியா முப்பது அடி. பாவம், மழையில நனைஞ்சு. நான் சாயா போட்டுக் குடுத்தேன்."

"என்ன வேல?"

"ரோட்டுக்குக் குறுக்க ஒரு ஹம்ப் போட்டிருக்காங்க. நல்ல ஒயரம், எனக்கு முட்டளவு வரும். வெள்ளைப் பெயின்ட் அடிக்கலியான்னு கேட்டேன். பெயின்ட் வேற டிவிஷனாம், பதினஞ்சு நாள் கழிச்சு வருமாம். அப்புறம் ஒரு போர்டு நட்டிருக்காங்க. போர்டு நடணும்னு தெருவிளக்குக் கம்பத்தப் பிடுங்கிட்டாங்க."

ராஜையன் கையிலிருந்த கீல் பொட்டலத்தை மேசையில் போட்டார். ரெனி விழிஞ்ஞத்திலிருந்து கிளம்புவது ஐந்து மணிக்கு. உடனே அவளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ரெனி ஒழுங்கான ஓட்டுநர். வண்டியில் இருக்கும்போது போனைத் தொடமாட்டாள், பூட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். அவர் கிழக்கேக்கோட்டையில் பஸ் ஏறுவதற்குள் நாலு தடவை, கிள்ளிப்பாலத்தில் பஸ் நின்று போனபோது ஏழு தடவை கூப்பிட்டார். பதினொரு தடவையும் அந்தப் போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது.

அவர் சந்து முனைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு பத்து. மழையில் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. ஸ்கூட்டர் மதில் ஓரம் ஒருக்களித்துக் கிடந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிச்சம்மாள் யாருடைய வீட்டுப் போர்வையையோ, அப்போதுதான் இஸ்திரி போட்டதை, ரெனிக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தாள்.

"நான் கத்தினேன் அண்ணாச்சி, நிறுத்து நிறுத்துன்னு" என்று பிச்சம்மாள் அழுதாள். "எப்பவும் எறங்கி உருட்டுற புள்ள, இன்னைக்கு எறங்கவும் இல்ல, என்னப் பாக்கவும் இல்ல. அந்தப் போர்டத்தான் பாத்துக்கிட்டு வந்துச்சு."

ராஜையன் நிமிர்ந்து பார்த்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு நேராக, அரைச் சுவர் அகலத்துக்கு ஒரு மஞ்சள் பலகை. முதலில் பெரிய எழுத்தில் மலையாளம். அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் இங்கிலீஷ். அதற்கும் கீழே, உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவில், தமிழ்: 'எதிர்பார்க்கப்படும் விபத்துப் பகுதி. ரோட்டைப் பார்த்து ஓட்டவும்.'

"அப்பா," ரெனி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "மலையாளம் படிச்சேன். இங்கிலீஷ் படிச்சேன். தமிழும் இருக்கேன்னு குனிஞ்சேன்."

முறிந்தது இடது கால்.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் வெங்கடேஸ்வரனும் ஜானவியும் ஒரு போட்டோக்காரரும் வந்தார்கள். ஆரஞ்சுப் பழம் ஒரு டஜன் இருந்தது. வெங்கடேஸ்வரன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கண் கலங்க, வார்டு முழுதும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"மிஸ்டர் ராஜையன், முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு படிவத்தை நான் பாத்ததில்லே. எடம்? முப்பதடின்னா முப்பதடி, அளந்தாச்சு. காயம்? எலும்பு முறிவு. எந்தக் கால்? எடது கால்! மத்தவாள்ளாம் கையை எழுதிட்டுக் காலை ஒடச்சுண்டு வந்து நிப்பா, நாங்க திருத்தி எழுதியே செத்தோம். ஒங்க ஒத்துழைப்பு இல்லேன்னா அஞ்சாம் வருஷக் கேடயம் கெடையாது. ஒரே ஒரு கொறை. தேதி நாலு நாள் முந்திடுத்து. அதுக்கு ஒரு திருத்த விண்ணப்பம் மட்டும் குடுத்துடுங்கோ."

"சாறே, அந்த ஹம்பு போட்டதுனாலதான விழுந்தா?"

"இல்லையா பின்னே? காரணக் கட்டத்தை அவா அழகா பூர்த்தி பண்ணிட்டா" என்றார் வெங்கடேஸ்வரன். போட்டோக்காரர் ரெனியைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

ரெனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஜூலை மூன்றாம் தேதித் தேர்வை அவள் கட்டிலில் படுத்தபடியே தவறவிட்டாள். துறைமுகத்தில் நல்ல மனிதர்கள். கால் சரியானதும் அக்டோபரில் இன்னொரு தேர்வு வைப்பதாகச் சொன்னார்கள். ராஜையன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜூலையைத் தள்ளினார்.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி இரண்டாவது பதிவுத் தபால் வந்தது. இந்தமுறை தாமதம் இல்லை.

"ஒருமுறை விபத்துக்குள்ளான இளம் ஓட்டுநர் மீண்டும் விபத்துக்குள்ளாகும் சாத்தியம் மிக அதிகம் என்பதால், தங்கள் மகள் சிறப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். இணைப்பு: படிவம்."

இணைப்பில் இருந்த படிவம் வெள்ளை. அதில் காயம் என்ற கட்டத்தை ஏற்கெனவே பூர்த்தி செய்திருந்தார்கள். 'எலும்பு முறிவு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'முன்பே பயன்படுத்தப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். மிச்சம் இருந்தது 'அதற்கு மேற்பட்டது' ஒன்றுதான்.

சுசீலாபாய் அதைப் படித்துவிட்டு அழவில்லை. எழுந்து போய் ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுவந்து கிணற்றில் போட்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"போன தரம் நீங்கதான எழுதிக் குடுத்தீங்க, அழகா? இப்ப என்ன எழுதப் போறீங்க?"

அந்த ராத்திரி ராஜையன் தூங்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். வீட்டை எழுதினால் வீட்டுக்குள் வருவார்கள். ஆஸ்பத்திரியை எழுதினால் அங்கே அளப்பார்கள். எழுதாமல் விட்டால் எங்கே வேண்டுமானாலும். ரெனி என்றைக்காவது ஒருநாள் பஸ்ஸில், ஆட்டோவில், ஊன்றுகோலில் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? விடிகிற நேரத்தில், அஜீஷ் ஊன்றுகோலோடு அந்த மூன்று மாடியை ஏறியது அவர் நினைவுக்கு வந்தது. ரெனிக்குக் கட்டு பிரிக்க இன்னும் ஒரு மாதம். பிரித்தாலும் அக்டோபர் வரை மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜானவியின் மேசையில் வைத்துத்தான் எழுதினார். தேதி: ஆகஸ்ட் 14. இடம்: 'முன்கணிப்புக் காரியாலயம், மூன்றாம் மாடி வராந்தா, மேலதிகாரி அறை வாசலுக்கு ஆறு அடி முன்னால்.'

ஜானவி பேனா முனையால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"ஜில்லாவுக்குள்ளதானே?" என்றாள்.

"ஆமா மேடம்."

"அப்போ சரி." சீல் குத்தினாள்.

தான் என்ன எழுதிக் கொடுத்தோம் என்பது அவருக்கு அப்போதே முழுதாகத் தெரிந்திருந்ததா என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். தன் மகள் வரமுடியாத ஒரு இடத்தை எழுதினார். அவ்வளவுதான். படிவத்தில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை, காரணத்தைத் தவிர.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, பழைய விபத்தின் தேதித் திருத்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வரச்சொல்லி ஆள் வந்தது. ராஜையன் போனார். மழை இருட்டு. முதல் மாடிப் படியிலேயே தார் வாசனை அடித்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாலு பேர் வெறும் ஜல்லிக் கூடைகளோடு கீழே இறங்கி வந்தார்கள். முகமெல்லாம் வியர்வை.

"மூணு மாடி கேறி ஹம்ப் போட்டது இதுதான் மொதத் தடவ அண்ணா" என்றான் ஒருவன், பெருமையாக.

மேலே வராந்தாவில் விளக்கு எரியவில்லை. புதுப் பலகையை மாட்டுவதற்காக டியூப்லைட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். கேடய அலமாரிக்கு மேலே, அறை வாசலுக்கு நேராக, மஞ்சள் பலகை தொங்கியது. அதற்கும் அறைக்கும் நடுவில், தரையின் அதே சாம்பல் நிறத்தில், முழங்கால் உயரத்தில், பெயின்ட் அடிக்காத மேடு. மேடு முடிகிற இடத்தில் கீழே இறங்கும் செங்குத்தான படிக்கட்டு தொடங்கியது.

ஜானவி தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தாள். "சேட்டன் பாத்து வரணும். ஹம்ப் உண்டு."

"மேடம், சாருக்குச் சொன்னீங்களா?"

"அது பொறியியல் விங் அறிவிக்கணும். எங்க செக்‌ஷன் அல்ல."

அப்போது அறைக்கதவு திறந்தது. வெங்கடேஸ்வரன் இரண்டு கையாலும் ஐந்தாம் வருடக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதிது, பழையதைவிடப் பெரிது. அலமாரியில் வைக்கக் கொண்டுவருகிறார். அது அவர் மார்பிலிருந்து கால் வரை மறைத்திருந்தது.

"சாறே!" ராஜையன் படியில் நின்றபடியே கத்திவிட்டார். "நில்லுங்க சாறே! கீழ பாருங்க!"

"அடடே, மிஸ்டர் ராஜையன், வாங்கோ, ஒரு நிமிஷம்" என்றார் வெங்கடேஸ்வரன், நடந்துகொண்டே. அவர் கண் பலகை மேல் போயிருந்தது. "இதென்ன, நமக்கே தெரியாம போர்டு மாட்டியிருக்கா?"

மலையாளத்தை உரக்கப் படித்தார். இன்னும் இரண்டு எட்டு வைத்து, இங்கிலீஷைப் படித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பேஷ், தமிழ்லயும் போட்டிருக்காளே!" என்று கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

தமிழ் வரி கடைசியில் இருந்தது.